ஒரு குடம் நீரும் ஒரு பாத்தியும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வயலில் விதைக்கும் உழவர்க்கு அது பொருந்தும். ஆடியில் விதைத்தால் அடுத்து வரும் மழை பயிரைக் காக்கும். ஆனால் வீட்டுத் தோட்டம் மழையை மட்டும் நம்பி நடப்பதன்று. சமையலறையிலிருந்து வெளிவரும் நீரையும், வீட்டாரின் கைகளையும் நம்பி நடப்பது அது. ஆகவே அதற்கு மாசி மாதமும் நல்ல மாதமே. பனி விலகியும் வெயில் முற்றாமலும் இருக்கும் இக்காலத்தில் சிலமலையிலும் சுற்றுப்புறத்திலும் மாமரங்கள் பூத்து நிற்கின்றன. இலவ மரங்கள் இலையுதிர்த்துக் காய் தாங்கி நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணின் அடியில் இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது. இவ்வேளையில் ஒரு சிறு தோட்டத்தை எப்படித் தொடங்குவது, எந்த அளவில் தொடங்குவது, எதை இப்போது விதைப்பது, எதற்குப் பொறுத்திருப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டம் ஏன் வேண்டும்?

போடிநாயக்கனூர் வட்டாரம் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. மலைமேல் விளையும் ஏலக்காய் போடியில் ஏலம் போய், எங்கெங்கோ செல்கிறது. மாம்பழமும் தேங்காயும் காபிக்கொட்டையும் இலவம்பஞ்சும் இங்கிருந்தே லாரி ஏறுகின்றன. இவ்வளவும் விளையும் ஊரில் வாழும் நம் வீடுகளில், நாள்தோறும் தட்டில் கீரையோ பழமோ இருக்கிறதா என்று கேட்டால், பலரும் இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கும். நம் தாய்மார் பலர் விடியுமுன் ஜீப் ஏறி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். பொழுது சாய்ந்து திரும்பும்போது கடையில் கீரைக்கட்டு வாடிப்போயிருக்கும், அல்லது தீர்ந்துபோயிருக்கும். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான் உணவு.

இதன் விளைவு நம் உடலில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 100க்கு 53 பேர். 15 முதல் 19 வயதுள்ள பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நாடு முழுவதிலும் 100க்கு 59 பேர். அதாவது நம் வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர். இரத்தசோகை என்றால் வெறும் வெளிறிய முகம் மட்டுமன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, பிற்பகல் வகுப்பில் கண் செருகுவது, படித்தது மனத்தில் நில்லாமல் போவது எல்லாம் அதன் அறிகுறிகளே. சோம்பேறி என்று பெயர் வாங்கும் பிள்ளை, உண்மையில் சோகையுள்ள பிள்ளையாக இருக்கலாம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்று கூறியுள்ளது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய்கறியும், கிட்டத்தட்ட அரைக் கிலோ பழமும் ஆகும். இவ்வளவையும் ஒரு சிறு தோட்டம் தந்துவிடாது. ஆனால் இதில் நமக்கு மிகவும் குறைவாகக் கிடைப்பது எதுவோ அதை, அதாவது கீரையையும் புளிப்புப் பழங்களையும், அது தர முடியும்.

இது புதிய யோசனையன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டு முற்றங்களிலும் பள்ளி மைதானங்களிலும் மக்கள் காய்கறி பயிரிட்டனர். 1943ஆம் ஆண்டில் அந்நாட்டின் பச்சைக் காய்கறியில் 100க்கு 40 பங்கு இத்தகைய தோட்டங்களிலிருந்தே வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 1965இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டு மக்களுக்கு வழிகாட்டினார். 2019இல் மத்திய அரசு பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க நெறிமுறைகளை வெளியிட்டது. பிரதமர் இல்லத்திலும் பள்ளியிலும் முடிந்தது நம் வீட்டுக் கொல்லையிலும் முடியும்.

முதற் கணக்கு தண்ணீர்க் கணக்கு

தோட்டம் போடுவோர் பெரும்பாலும் முதலில் நிலத்தை அளக்கிறார்கள். "எங்களிடம் 2 சென்ட் இடம் இருக்கிறது" என்று முழுவதையும் கொத்தி விதைத்துவிடுவார்கள். பங்குனி பிறந்ததும் கிணறு இறங்கும். குழாயில் தண்ணீர் வரும் நாள்கள் குறையும். சித்திரையில் செடிகள் காய்ந்து, அடுத்த ஆண்டு தோட்டம் என்ற பேச்சே அவ்வீட்டில் எழாது. நம் ஊர் மேற்கு மலைத் தொடரின் மழைமறைவில் இருப்பது. ஆனி, ஆடியில் மலைக்கு அப்பால் கொட்டும் மழை, நமக்குச் சாரலாகவும் காற்றாகவுமே வந்து சேருகிறது. ஆகவே இங்கே தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீரே.

இதை எப்படிக் கணக்கிடுவது? கோடையில் வெயிலும் காற்றும் செடியும் சேர்ந்து, ஒரு நாளில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயர அளவு நீரை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 மில்லிமீட்டர் நீர் என்றால் 5 லிட்டர். 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி, ஏறத்தாழ 2.8 சதுர மீட்டர். அதற்கு நாளொன்றுக்கு 14 லிட்டர் நீர் வேண்டும். நாம் தண்ணீர் எடுக்கும் பெரிய பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். எனவே நினைவில் வைத்துக்கொள்ள எளிய விதி இதுதான்: ஒரு பாத்திக்கு ஒரு குடம்.

ஒரு சென்ட் நிலம் 435 சதுர அடி. அதில் இத்தகைய பாத்திகள் 14 அடங்கும். அப்படியானால் நாள்தோறும் 14 குடம் தண்ணீர் வேண்டும். குடிநீருக்கே குழாயடியில் வரிசை நிற்கும் சித்திரையில் 14 குடத்துக்கு எங்கே போவது? மாறாக, அரிசியும் பருப்பும் காயும் கழுவிய நீர், கை கழுவிய நீர், குடத்தையும் பாத்திரங்களையும் கடைசியாக அலசிய நீர் ஆகியவற்றை ஒரு வாளியில் சேர்த்துப் பார்த்தால், நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஏறக்குறைய இரண்டு குடம் தேறும். மாடு உள்ள வீட்டில் கழுநீர் மாட்டுக்குப் போய்விடும். அங்கே சற்றுக் குறையும். ஆகவே இரண்டு குடம் கிடைக்கும் வீட்டில் இரண்டு பாத்தி, ஒரு குடம் கிடைக்கும் வீட்டில் ஒரு பாத்தி என்று தொடங்குவதே அறிவுடைமை. நீர் ஊற்றுவதற்குக் காலையில் 10 நிமிடம், மாலையில் 5 நிமிடம் போதும். அம்மா மலைக்குப் போய்விட்ட வீட்டிலும், பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு மாணவி தனியே செய்யக்கூடிய வேலை அது.

இரண்டு பாத்தியால் என்ன பயன் என்று ஐயுற வேண்டாம். நன்றாகக் கவனித்த ஒரு பாத்தியில் ஒருமுறை விதைத்தால் 25 நாளில் ஏறக்குறைய 3 கிலோ கீரை கிடைக்கும். நால்வர் உள்ள குடும்பம் வாரம் இருமுறை கீரை உண்ண இது போதும்.

துணி துவைத்த சோப்பு நீரைக் கீரைக்கு ஊற்றக்கூடாது. அதைக் கொல்லை ஓரத்தில் உள்ள வாழைக்கு விடலாம். நீரை நண்பகலில் ஊற்றாமல், காலை வெயில் ஏறுமுன்னோ மாலையிலோ செடியின் வேரடியில் ஊற்ற வேண்டும். செடிகளைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ தென்னை நார்த்தூளோ இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால், மண் விரைவில் காயாது. இதற்கு மூடாக்கு என்று பெயர். மூடாக்குப் போட்ட பாத்திக்கு ஊற்றும் நீர் நீண்ட நேரம் நிற்கும்.

இடமும் மண்ணும்

தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். தென்னை, வேம்பு ஆகியவற்றின் அடியில் பாத்தி போட்டால், நாம் ஊற்றும் நீரை அவற்றின் வேர்களே குடித்துவிடும். சமையலறைக்கு அருகில் இருக்கும் இடம் சிறந்தது. கண்ணில் படும் செடியைத்தான் கை கவனிக்கும்.

மண்ணை ஓர் அடி ஆழம் கொத்திக் கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய தொழுஉரம் கலக்க வேண்டும். புதுச் சாணத்தை அப்படியே போடக்கூடாது. அது மக்கும்போது எழும் சூடு வேரைத் தாக்கும். வண்டின் புழுக்களும் அதில் பெருகும். செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கிவிடும். கரிசலில் நீர் நிற்கும், ஆனால் காய்ந்தால் வெடிக்கும். இரண்டையும் பக்குவப்படுத்துவது மக்கிய உரமே. இன்னொரு நுணுக்கமும் உண்டு. மழைக்காலத்தில் பாத்தி தரையைவிட மேடாக இருக்க வேண்டும். கோடையிலோ தரையைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஊற்றிய ஒரு குடம் நீர் ஓடிப்போகாமல் பாத்திக்குள்ளேயே ஊறும்.

கொல்லை இல்லாத வீட்டார் மனம் தளர வேண்டியதில்லை. பழைய சாக்கு, எண்ணெய் டின், ஓட்டைக் குடம் எதுவும் போதும். அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால், கீரையும் மிளகாயும் கத்தரியும் நன்றாக வளரும்.

வேலியை மறந்துவிடக் கூடாது. கோழி ஒரே காலையில் கீரைப் பாத்தி முழுவதையும் கிளறிவிடும். ஆடு ஒரே நுழைவில் தோட்டத்தை முடித்துவிடும். நாலு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினாலும் போதுமானது.

குப்பையே உரம்

கொல்லை மூலையில் 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் இரண்டு குழிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். முதற் குழியில் அரையடி உயரம் சருகு, அதன்மேல் காய்கறித் தோலும் இலை தழையும், அதன்மேல் சாணக் கரைசல், பிறகு ஒரு கூடை மண் என அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் நீர் தெளித்துவர வேண்டும். எண்ணெய்ப் பண்டங்களையும் எலும்பையும் போட்டால் நாயும் எலியும் வரும். முதற் குழி நிறைந்ததும் மண்ணால் மூடிவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதற் குழியில் கருமையான, மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும்.

சருகைப் பெருக்கிக் கொளுத்துவது நம்மிடையே உள்ள பழக்கம். அது உரத்தையே கொளுத்துவதாகும். அதோடு மாசி, பங்குனியில் நம் மலைப் புல் எவ்வளவு காய்ந்து கிடக்கும் என்பதை நாம் அறிவோம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேற வந்த இளம் உயிர்கள் பலவற்றைக் கொண்டுபோனது. மலையடிவாரத்தில் வாழும் நாம் இம்மாதங்களில் ஒரு தீக்குச்சியையும் எண்ணித்தான் கிழிக்க வேண்டும்.

தவக்காலமும் விதைப்பும்

திருநீற்றுப் புதன் பெரும்பாலும் மாசியில் வருகிறது. அன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை, ஞாயிற்றுக் கிழமைகளையும் சேர்த்து எண்ணினால் 46 நாள். ஒரு சிறு தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாட்காட்டி கிடைப்பதரிது.

திருநீற்றுப் புதனை ஒட்டி ஒரு பாத்தியில் சிறுகீரையோ தண்டுக்கீரையோ விதைக்கலாம். கீரை விதை கடுகைவிடச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால்தான் சீராக விழும். தூவியபின் கையால் மெல்லத் தடவி மூடிப் பூவாளியால் தெளிக்க வேண்டும். குடத்திலிருந்து கொட்டினால் விதைகள் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். எறும்பு விதையை இழுக்காமல் இருக்கப் பாத்தி ஓரத்தில் அடுப்புச் சாம்பல் தூவலாம். நாலைந்து நாளில் முளைக்கும். 25ஆம் நாளில் வேரோடு பறிக்கலாம். அரைக்கீரை என்றால் பிடுங்க வேண்டியதில்லை. கிள்ளக் கிள்ளத் துளிர்த்துப் பல மாதம் பலன் தரும்.

அடுத்த பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும் போடலாம். நம் பக்கத்தில் சீனியவரை என்று சொல்வது இதைத்தான். வெண்டை விதையை இரவில் நீரில் ஊறவைத்து, மறுநாள் அடிக்கு ஒரு குழியாகக் குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்தபின் வலுவான ஒன்றை மட்டும் விட வேண்டும். வெண்டை 45ஆம் நாளை ஒட்டிக் காய்க்கத் தொடங்கும். திருநீற்றுப் புதனில் விதைத்தவர்கள் ஏறக்குறைய உயிர்ப்பு ஞாயிறன்று முதற் காயைப் பறிக்கலாம். அதன்பின் நாள் விட்டு நாள் பறித்துவர வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் காய் நாராகிவிடும். பறிக்காமல் விட்டால் செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சீனியவரை வறட்சி தாங்கும். ஒருநாள் நீர் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் முதலில் நாற்றுவிட வேண்டும். கத்தரி நாற்று 30 நாளிலும் மிளகாய் நாற்று 40 நாளிலும் பிடுங்கி நடும் பருவம் அடையும். மாலை நேரத்தில் நட்டு, மூன்று நாள் ஓலையால் நிழல் கொடுக்க வேண்டும். தக்காளியை மட்டும் மாசியில் புதிதாக விதைக்காமல் இருப்பது நல்லது. அது பூக்கும் நேரத்தில் சித்திரை வந்துவிடும். இரவிலும் சூடு தணியாதபோது தக்காளியின் பூ உதிர்ந்துபோகும். அதை ஆடியிலோ மார்கழி, தையிலோ வைத்துக்கொள்ளலாம். அதுபோலவே கேரட், முட்டைக்கோஸ் முதலியவை குளிர்ந்த மலைக்கு உரியவை. மலையில் நன்றாக விளைவதெல்லாம் அடிவாரத்தில் விளைந்துவிடாது. நம் கண்ணெதிரே மலையில் செழிக்கும் ஏலச் செடியும் நம் முற்றத்தில் நிழலும் ஈரமும் இன்றி வாடிவிடுமல்லவா?

யோவான் நற்செய்தியில், உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்றே எண்ணினார் என்று வாசிக்கிறோம். கல்லறை இருந்த இடம் ஒரு தோட்டம். 40 நாள் நோன்பிருந்து, புதைத்த விதை உயிர்பெற்று எழுவதையும் காத்திருந்து பார்க்கும் பிள்ளைக்கு, உயிர்ப்பு விழாவின் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும்.

பந்தல் கொடிகள்

பாகல், புடலை, பீர்க்கு மூன்றும் குறைந்த இடத்தில் நிறைந்த பலன் தருவன. தரையில் ஒன்றரை அடிக் குழி மட்டும் போதும். மற்றதெல்லாம் பந்தலில், வேலியில், வீட்டுக் கூரையில். குழியில் மக்கிய உரம் இட்டு 5 விதை ஊன்றி, முளைத்தபின் நல்லதாக இரண்டை விட வேண்டும். குழியின் நடுவே, அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பிவைத்தால், நீர் வேருக்கு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். தினமும் நீர் ஊற்ற இயலாத வீட்டுக்கு ஏற்ற முறை இது.

முதலில் வரும் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்வதைக் கண்டு பலர் கவலைப்படுகின்றனர். அவை ஆண் பூக்கள். பெண் பூ சில நாள் கழித்தே வரும். அதன் காம்பில் குட்டிக் காய் போன்ற ஒரு வடிவம் இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். பாகல் காலையில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். புடலை இரவில் மலர்ந்து விட்டில்களை அழைக்கும். இப்பூச்சிகள் வரவில்லையென்றால் பூ இருந்தும் காய் இல்லை. அசிசி நகர் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எதுவும் பயிரிடாமல் காட்டுச் செடிகளுக்கென்று விட்டுவைக்கச் சொன்னார் என்பதை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் நினைவூட்டியிருக்கிறார். நாமும் ஓர் ஓரத்தில் துளசியையும் தும்பையையும் சாமந்தியையும் விட்டுவைத்தால் தேனீக்கள் தேடி வரும்.

பழமரங்கள்: இப்போது குழி, பிறகு கன்று

பழக்கன்றுகளை மாசியில் நடுவதற்கு அவசரப்பட வேண்டாம். வேர் பிடிக்குமுன் கோடை வந்துவிடும். ஆனால் குழியை இப்போதே எடுத்துவிட வேண்டும். இரண்டு முதல் மூன்றடி வரை நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டிக் கோடை முழுதும் வெயில் காயவிட்டால், மண்ணிலுள்ள புழுவும் பூசணமும் அழியும். பிறகு மேல்மண்ணும் உரமும் இட்டு நிரப்பிப் புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டால் கன்று தானே பிழைத்துக்கொள்ளும்.

எந்த மரம்? கொய்யாப் பதியன் இரண்டாண்டில் காய்க்கும், வறட்சி தாங்கும். எலுமிச்சைக்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும், ஆனால் பின்னர் நெடுங்காலம் பலன் தரும். நெல்லியும் மாதுளையும் நம் மண்ணுக்கு ஏற்றவை. பப்பாளியை வைகாசியில் பையில் விதைத்து ஆடியில் நட்டால் ஓராண்டுக்குள் பழம் தரும். ஆனால் அதன் அடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். நாட்டுப் பப்பாளியில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. குழிக்கு மூன்று கன்று நட்டுப் பூத்தபின் பெண் மரத்தை விட வேண்டும். எங்கேனும் ஓர் ஆண் மரமும் இருக்க வேண்டும். வாழை நட்டால் ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றுக்கு முட்டுக் கொடுக்க மறக்கக்கூடாது. காற்றைத் தடுக்கத் தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அகத்தி நட்டால், வேலிக்கு வேலியும் ஆகும், கீரைக்குக் கீரையும் ஆகும்.

பக்கத்து ஊர் தந்த விதைகள்

நம் மாவட்டத்திலேயே பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது நமக்குப் பெருமை. அங்கு உருவான பி.கே.எம். 1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது. பி.கே.எம். 1 கத்தரி, வறட்சி தாங்கும் புழுதிக் கத்தரியிலிருந்து வந்தது. 1989இல் அந்நிலையம் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை, இன்று இந்தியாவுக்கு வெளியேயும் பயிராகிறது. பழைய முருங்கையைப் போத்து நட்டு வளர்ப்போம். இதை விதை ஊன்றியே வளர்க்கலாம். செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். மரம் ஓங்கி வளராததால், முறிந்து விழும் கிளையில் ஏறாமல், சிறுமியும் தரையில் நின்றபடியே கீரை ஒடிக்கலாம். இதை ஆடி முதல் ஐப்பசி வரை ஊன்றலாம்.

விதை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. நல்ல காய்களையெல்லாம் பறித்துத் தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சிய சூம்பலை விதைக்கு விடுவது தவறு. முதல் தரமான செடியில் முதல் தரமான காயையே முற்றவிட வேண்டும். வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த காயின் விதை, தாய்ச் செடியைப் போலவே விளையாது. ஏன் என்பதை உலகுக்கு முதலில் விளக்கியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பது குறிப்பிடத்தக்கது. அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரிகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் பிரனோ நகரிலுள்ள மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணி எண்ணிப் பார்த்து, மரபு விதிகளைக் கண்டறிந்தார். நம் உயிரியல் பாடத்தின் ஒரு முழு அதிகாரம் ஒரு மடத்துத் தோட்டத்தில் முளைத்தது.

பூச்சிகளிடமிருந்து காத்தல்

வீட்டுத் தோட்டத்தில் பூச்சிக்குச் சிறந்த மருந்து தினசரிப் பார்வை. இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அசுவினி ஓரிரு இலையில் இருந்தால் அந்த இலையைக் கிள்ளிவிடலாம், அல்லது காலைப் பனியில் சாம்பல் தூவலாம். கத்தரியின் நுனிக் கொழுந்து தலைசாய்ந்து வாடினால், உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அக்கொழுந்தை வெட்டி அழிக்க வேண்டும். பூச்சி மிகுந்தால், 50 கிராம் வேப்பமுத்துப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

ஒன்றை மட்டும் பெற்றோர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். தோட்டங்களில் மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கீரைக்கு அடிக்க வேண்டாம். இன்று அடித்து நாளை பறிக்கும் கீரையில் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். காலியான மருந்துக் குப்பியில் எண்ணெயோ விதையோ வைப்பதும் ஆபத்தானது.

தட்டுக்கு வரும் வழி

கீரையை வளர்த்தால் மட்டும் போதாது. அதன் சத்து உடலில் சேர வேண்டும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. அதோடு வைட்டமின் சி சேர்ந்தால்தான் கூடுதலாக ஏற்கும். எனவே கீரைச் சோற்றோடு ஒரு துண்டு எலுமிச்சை, அல்லது உண்டபின் ஒரு கொய்யாவோ நெல்லியோ உண்பது நல்லது. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. மாறாக, சாப்பாட்டோடு டீயும் காபியும் குடித்தால் அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைத் தடுத்துவிடும். தேயிலையும் காபியும் விளையும் மலையடியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கடினந்தான். ஆயினும் உணவுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கீரையை முதலில் கழுவிப் பிறகு நறுக்க வேண்டும். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போகும். கழுவிய நீர் வீணாக வேண்டியதில்லை, அது பாத்திக்கே திரும்பும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தோட்டம் இருக்கிறதென்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை குறையைச் சரிசெய்யும். கீரையும் பழமும் அக்குறை மீண்டும் வராமல் காக்க உதவும்.

முடிவுரை

அன்பு மாணவியரே! பெரிய தோட்டம் போட வேண்டும் என்று எண்ணி ஆண்டுதோறும் தள்ளிப்போடுவதைவிட, இந்த வாரமே ஒரு பாத்தி போடுவது மேல். இன்று வீட்டில் வீணாகும் நீரை ஒரு வாளியில் சேர்த்து எத்தனை குடம் வருகிறதென்று அளந்து பாருங்கள். அத்தனை பாத்திகள் கொத்துங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஐப்பசி மழை வந்ததும் இன்னும் இரண்டு பாத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே! மகள் மண்வெட்டி பிடித்தால் படிப்புக் கெடும் என்று எண்ணாதீர்கள். நாளுக்குக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தில் விளையும் கீரை, பிற்பகல் வகுப்பில் அவள் கண்விழித்து அமர்ந்திருக்க உதவும். நம் மலையில் விளைவதெல்லாம் ஊர் ஊராகப் போகட்டும். நம் கைப்பிடியளவு பாத்தியில் விளைவது நம் பிள்ளைகளின் இரத்தமாகட்டும்.